டோக்கியோவா, ஒசாகாவா? முடிவெடுக்கும் முன் பலர் செய்யும் தவறுகள்

"டோக்கியோவில் சம்பளம் அதிகம், கூட்டமும் அதிகம். ஒசாகாவில் செலவு குறைவு, ஆட்கள் கலகலப்பு." ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற யாரிடம் கேட்டாலும் இந்த இரண்டு வரி கிடைக்கும். பொய்யில்லைதான். ஆனால் இதை மட்டும் நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பின்னால் விழிக்க வேண்டியிருக்கும். இரண்டு ஊரிலும் இருந்துவிட்டேன். இங்கே சொல்வதில் பாதி நானே செய்த தவறுகள்.

முதல் தவறு, ஊரை மொத்தமாக எடைபோடுவது. டோக்கியோவின் மக்கள்தொகை சுமார் 1.4 கோடி. அவ்வளவு பெரிய இடத்துக்கு ஒரே சராசரி எப்படிப் பொருந்தும்? நம்மவர்கள் பெரும்பாலும் எதோகவா வட்டாரத்தில் உள்ள நிஷிகசாயில் வீடு தேடுவார்கள். இந்தியக் குடும்பங்கள், மளிகைக் கடைகள், இந்தியப் பள்ளி எல்லாம் பக்கத்திலேயே உண்டு. சரி, அங்கிருந்து வேலைக்குப் போக டோசாய் லைனில் ஏற வேண்டுமே! 2019 கணக்கெடுப்பில் அந்தப் பாதையின் நெரிசல் 199 சதவீதம். ஒவ்வொருவருக்கும் இருக்கையோ, பிடித்து நிற்கக் கைப்பிடியோ கிடைத்தால் அது 100. மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டை முடிவுசெய்யும் முன் ஒரு வாரநாளில், காலை எட்டு மணிக்கு, அந்த ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு "காலியாகத்தானே இருக்கிறது" என்று முன்பணம் கட்டியவன் நான்.

அடுத்தது வாடகை. இணையத்தில் தெரியும் மாத வாடகையை மட்டும் வைத்து இரண்டு ஊரையும் ஒப்பிடக் கூடாது. மாதம் 80,000 யென் வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்பணமான ஷிகிகின் ஒரு மாதம், வீட்டுக்காரருக்குத் திரும்பிவராத நன்றிப்பணமாகக் கொடுக்கும் ரெய்கின் ஒரு மாதம், தரகர் கட்டணம் வரியோடு 88,000, முதல் மாத வாடகை, ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம். கூட்டினால் 3,68,000 யென். தீக்காப்பீடும் பூட்டு மாற்றும் செலவும் தனி. சாவி கைக்கு வரும்போது நான்கு லட்சத்தை நெருங்கிவிடும்.

டோக்கியோவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை கேட்பது வழக்கம். ஒசாகாவில் அந்தப் பழக்கம் குறைவு. ஆனால் ஷிகிபிகி என்று ஒன்று அந்தப் பக்கம் உண்டு. வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் காலி செய்யும்போது முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் அந்த ஒரு சொல்லையாவது தேடிப் பாருங்கள். யூஆர் எனப்படும் பொதுத்துறைக் குடியிருப்புகளில் ரெய்கின், தரகர், ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. கட்டடம் கொஞ்சம் பழசாக இருக்கலாம். எனக்கு அதுவே தேவலை.

வரியில் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளூர்க் குடியிருப்பு வரி போன வருட வருமானத்தை வைத்துக் கணக்கிடப்பட்டு, ஜூன் முதல் பிடிக்கப்படும். அதனால் புதிதாக வந்தவருக்கு ஆரம்பத்தில் அந்த வரியே இருக்காது. மறு ஜூனில் சம்பளம் திடீரென்று இளைத்துவிடும். டோக்கியோவில் நல்ல சம்பளம் வாங்கிவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு ஒசாகா போனால் பழைய சம்பளத்துக்கான வரி பின்னாலேயே வரும். அதுவும் ஜனவரி 1 அன்று நீங்கள் குடியிருந்த ஊருக்கே கட்ட வேண்டும்.

"ஒசாகாக்காரர்கள் தாங்களே வந்து பேசுவார்கள், ஜப்பானிய மொழி இல்லாமல் ஓட்டிவிடலாம்" என்பது இன்னொரு நினைப்பு. பேசுவார்கள், உண்மைதான். ஆனால் ஜப்பானிய மொழியில்தான் பேசுவார்கள்! அதுவும் வகுப்பில் படித்தது அல்ல. கூடாது என்பதற்கு 'தமே' என்று படித்திருப்பீர்கள், அங்கே 'அகான்'. விலை கேட்க 'இகுரா' என்று படித்திருப்பீர்கள், சந்தைக் கிழவி 'நன்போ' என்பார். ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பிழைக்கக்கூடிய கணினி வேலைகள் பெரும்பாலும் டோக்கியோவில்தான். ஒசாகா பக்கம் மருந்து, இயந்திரம், மின்சாதனம் என்று தொழில்கள் வேறு. அலுவலகக் கூட்டங்கள் ஜப்பானிய மொழியில் நடக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: ஊதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸுக்கு ஒசாகாவில் ஊற்றும் சாறு தெளிவாக, வெளிர் நிறத்தில் இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடற்பாசியோடு சூரை மீன் சீவலும் அதில் கொதித்திருக்கும். நம் மாசிக்கருவாட்டின் உறவுக்காரன். டோக்கியோவில் சாறு கறுப்பு, சங்கதி அதேதான்.

அப்புறம், சாமான்களை அப்படியே தூக்கிக்கொண்டு போவது. கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. மெய்ஜி காலத்தில், அதாவது 1890களில், டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதன் மிச்சம் இது. இப்போது வரும் சாதனங்களில் பெரும்பாலானவை இரண்டுக்கும் ஒத்துப்போகும். டோக்கியோவில் நான் பழசாக வாங்கிய மைக்ரோவேவின் பின்பக்கத்தில் '50 ஹெர்ட்ஸ் மட்டும்' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஒசாகாவில் வண்டியிலிருந்து இறக்கி, அலமாரியில் வைத்துத் துடைத்த பிறகுதான் அதைப் படித்தேன். கடைசியில் அதைக் குப்பையாக எடுத்துப்போகத் தொலைபேசியில் தேதி பதிந்து, அதற்கான கட்டண ஸ்டிக்கரைக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கி ஒட்டி, காலையில் வாசலில் வைத்துவிட்டு அலுவலகம் போனேன்.