தோற்கும் அணியைப் பற்றி ரேடியோவில் பேசப் போகிறீர்களா?

சாயங்காலம் வேலை முடிந்து சிகாகோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் என் காரில் ஓடுவது விளையாட்டுப் பேச்சு ரேடியோதான். பாட்டு கிடையாது. இரண்டு பேர் உட்கார்ந்து வம்பளப்பார்கள், நேயர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். 1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற நிலையம் நாள் முழுக்க விளையாட்டை மட்டுமே பேசலாம் என்று ஆரம்பித்து வைத்தது. சிகாகோவில் அதே மாதிரி 'தி ஸ்கோர்' நிலையம் 1992-இல் வந்தது.

இந்த ரேடியோவுக்குத் தீபாவளி, ஊர் அணி உதை வாங்கும் வருஷம்தான். 2024-இல் எங்கள் ஊர் பேஸ்பால் அணி சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டத்தில் 41 ஜெயித்து 121 தோற்றது. அந்த ஆறு மாதமும் கேட்டதில், போன் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தப்புகள் மனப்பாடம் ஆகிவிட்டன. அவற்றில் சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதலில் என் கதை. ஜூலை கடைசியில் ஒருநாள், நாற்பது நிமிஷம் லைனில் காத்திருந்தேன். போனை எடுத்த பையன், "என்ன பேசப் போறீங்க, ஒரே வரியில சொல்லுங்க" என்றான். சொன்னேன். என் முறை வந்தது. கார் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். ஒலிபரப்பு சில நொடி தாமதமாகத்தான் வரும். நான் பேசியது எனக்கே பின்னாலிருந்து கேட்க, தடுமாறி, "வணக்கம், எப்படி இருக்கீங்க, ரொம்ப நாளா கேட்கிறேன், முதல் தடவை பேசறேன்" என்பதோடு நின்றுவிட்டேன். "ரேடியோவைக் குறைங்க சார்" என்றார் தொகுப்பாளர். குறைத்து நிமிர்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. ஆக, ரேடியோவை அணைத்துவிட்டு, சொல்ல வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். குசலம் விசாரிக்க அங்கே நேரமில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்கள் முதலில் சறுக்குவது ஆட்டங்களின் எண்ணிக்கையில். ஐபிஎல்லில் லீக் சுற்றுக்கு 14 ஆட்டம். இங்கே 162. கணக்குப் போட்டால் ஒரு ஐபிஎல் ஆட்டம் ஏறக்குறைய 12 பேஸ்பால் ஆட்டத்துக்குச் சமம். ஒரு வாரம் முழுக்கத் தோற்றாலும் அது பாதி ஐபிஎல் தோல்விதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் விட்ட ஆட்டத்துக்காக புதன்கிழமை "சீசன் முடிஞ்சுது" என்று அழக் கூடாது. அதே 2024-இல் கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸே 64 ஆட்டம் தோற்றது. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 19 மட்டுமே ஜெயித்தது, அக்டோபர் முடிவதற்குள் சாம்பியன்.

இதைச் சொன்னால் "அப்ப ஒயிட் சாக்ஸுக்கும் பொறுமையா இருக்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. நல்ல அணி சறுக்குவது வேறு, அணியே சரியில்லாமல் இருப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ரன் கணக்கு. ஒயிட் சாக்ஸ் அந்த வருஷம் எடுத்தது 507 ரன், கொடுத்தது 813. ஆட்டத்துக்கு மூன்று எடுத்து ஐந்து கொடுக்கிறவனுக்கு அதிர்ஷ்டம் என்ன செய்யும்? போன் போடுமுன் இந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டால் பாதிப் புலம்பலை மிச்சம் பிடிக்கலாம்.

அடுத்து, எல்லோருக்கும் பிடித்த தப்பு: மேனேஜரைத் தூக்கு! (பேஸ்பாலில் மேனேஜர் என்றால் தலைமைப் பயிற்சியாளர்.) கேட்கும்போது நியாயமாகத்தான் படும். 26 பேரைத் தூக்க முடியாது, ஒருத்தரைத் தூக்கலாம். 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டமும் தோற்றதும் மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை அனுப்பிவிட்டது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது தனிக் கொடுமை. அவர் இடத்துக்கு வந்தவர் ஃபிராங்க் ராபின்சன், ஆட்டக்காரராக மாபெரும் பெயர். என்ன ஆனது? இன்னும் 15 தோல்வி. வரிசையாக 21. முப்பத்தாறு வருஷம் கழித்து அந்த 21-ஐ எட்டிப் பிடித்தது இதே ஒயிட் சாக்ஸ்தான். 2024 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஓக்லண்டில் ஒருவழியாக ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலுக்கு வேலை போனது! தோற்றபோது வைத்திருந்து, ஜெயித்த பிறகு அனுப்பினார்கள். அவர் கையில் அணி 28 ஜெயித்து 89 தோற்றிருந்தது. பிறகு வந்த கிரேடி சைஸ்மோர் கையில் 13-க்கு 32. கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். சட்டியில் இல்லாததை எந்த அகப்பை அள்ளும்?

அணியை வாங்கி விற்கும் யோசனைகள் இன்னொரு ரகம். "நம்மகிட்ட இருக்கிற மூணு பேரைக் கொடுத்து அந்த ஸ்டாரை வாங்கிடலாமே" என்பார் ஒருவர். அந்த மூன்று பேரும் நமக்கே வேண்டாதவர்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும், தங்கம் கிடைக்காது. எதிர்முனையில் இருக்கிறவரும் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஒரு ஜெனரல் மேனேஜர், அவர் ஊரிலும் ரேடியோ இருக்கிறது. நிஜ வியாபாரம் எப்படி நடக்கிறது என்றால், 2024 டிசம்பரில் ஒயிட் சாக்ஸ் தன் சிறந்த பிட்சர் (பந்து வீசுகிறவர்) காரெட் குரோஷேயை பாஸ்டனுக்குக் கொடுத்து, பெரிய மேடையைப் பார்த்திராத நான்கு இளைஞர்களை வாங்கியது. கை நிறையக் கொடுத்தால்தான் எதுவும் வரும்.

"பேசாம எல்லாத்தையும் தோத்துட்டு முதல் டிராஃப்டை எடுப்போம்" என்கிற புத்திசாலியும் தினம் ஒருவர் வருவார். டிராஃப்ட் என்பது புது இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது. கடைசியில் நின்றவனுக்கு முதல் இடம் என்பது பழைய காலம். 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்கும் லாட்டரிச் சீட்டுக் குலுக்கல். அதிலும் வருமானம் அதிகமுள்ள பெரிய ஊர் அணி இரண்டு வருஷம் தொடர்ந்து லாட்டரி இடம் வாங்க முடியாது. அதனால் 121 தோல்வி கண்ட ஒயிட் சாக்ஸ் 2025-இல் பத்தாவதாகத்தான் தேர்ந்தெடுத்தது. தோற்றதற்குக் கூலிகூட இல்லை.

பிட்சரை வெற்றி தோல்விக் கணக்கால் எடைபோடாதீர்கள். ஜேக்கப் டிகிரோம் 2018-இல் 10 வெற்றி, 9 தோல்வி. ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டது சராசரி 1.70 ரன். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் போனது. கூட ஆடியவர்கள் ரன் எடுக்காததற்கு அவர் என்ன செய்வார்?

தொகுப்பாளர்களும் சும்மா இல்லை. "சரித்திரத்திலேயே மட்டமான அணி" என்பது அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் அதிகத் தோல்வி ஒயிட் சாக்ஸுடையது என்பது உண்மை. 1962 நியூயார்க் மெட்ஸின் 120-ஐத் தாண்டியது. ஆனால் வெற்றி விகிதத்தில் பார்த்தால் அந்த மெட்ஸ் இதைவிடக் கொஞ்சம் கீழே. 1916 பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 36 ஜெயித்து 117 தோற்றது, இன்னும் மோசம். 1899-க்குப் போனால் கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸ் 20-க்கு 134, அது வேறு உலகம்.

இதெல்லாம் கணக்குத் தப்பு. மன்னிக்கலாம். எனக்குக் காது கூசுவது, ஆட்டக்காரன் வீட்டு மனுஷர்களை இழுத்துப் பேசும் போது. கேட்ச் விட்டவனைத் திட்டு, ஸ்விங்கைத் திட்டு, ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபைக்கூடத் திட்டு, 1981 முதல் அணி அவர் கையில்தான் இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளை எதற்கு?

இன்னொன்று கவனித்திருக்கிறேன். ஜெயித்த மறுநாள் ஆங்கிலத்தில் "வீ" என்று பேசுகிறவர், தோற்ற மறுநாள் "தே" என்பார். நம் பாஷையில் சொன்னால் நேற்று 'நாம', இன்று 'அவனுங்க'. போன் போடுமுன் இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டால் நல்லது. 121-வது தோல்வியை நேரில் பார்க்கவேண்டும் என்றே செப்டம்பர் கடைசி வாரம் டிக்கெட் வாங்கிப் போனவர்கள் உண்டு. ஒயிட் சாக்ஸ் அந்த வாரம் ஏஞ்சல்ஸ் அணியோடு ஆடிய மூன்றையும் ஜெயித்துத் தொலைத்தது! சாதனைத் தோல்வி செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் நடந்தது. அதற்கடுத்த இரண்டிலும் ஜெயித்தார்கள்.

கடைசியாக ஒரு மரியாதை. கேள்வி கேட்டதும் "நான் போனை வச்சிட்டு ரேடியோல கேட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடுவது அங்கே வழக்கம். ஆகஸ்டில் இரண்டாவது தடவை போன் போட்டபோது அதைச் சரியாகச் செய்தேன். புல்பென், அதாவது நடுவில் மாற்றி இறக்கும் பிட்சர்கள் பற்றி ஒரே ஒரு கேள்வி, வைத்துவிட்டேன். தொகுப்பாளர் பதில் சொல்ல ஆரம்பித்த நேரம் பார்த்து என் கார் சுரங்கப் பாதைக்குள் போய்விட்டது.