ஒரே அறிவியல் பெயர், இரண்டு உயிர்கள்: தடுக்கி விழும் இடங்கள்

மல்பெரி இலையைப் பற்றிய ஒரு சின்னக் குறிப்புக்குப் படம் தேடிக்கொண்டிருந்தேன். அறிவியல் பெயரைப் போட்டால் குழப்பமே வராது என்று நம்பி, அதன் முதல் சொல்லான 'மோரஸ்' என்ற பேரினப் பெயரைத் தட்டினேன். வந்து நின்றவை வெள்ளை வெளேரென்று கடற்பறவைகள்! தேடுபொறிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கிறுக்கு என் நம்பிக்கையில் இருந்தது. மல்பெரிச் செடியின் பேரினமும் மோரஸ், வட அட்லாண்டிக்கில் மீன் பிடித்துத் திரியும் கேனட் பறவையின் பேரினமும் மோரஸ்.

நாட்டுப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், அறிவியல் பெயர் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று பள்ளியில் படித்தோம். பாதி உண்மை. தாவரங்களுக்கு (பூஞ்சை, பாசி உட்பட) ஒரு பெயரிடு விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு இன்னொன்று, பாக்டீரியாவுக்கு வேறொன்று. தாவரப் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூல். விலங்குகளுக்கு அவருடைய இன்னொரு நூலான 'சிஸ்டமா நேச்சுரே'யின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒரு தொகுப்புக்குள் ஒரே பெயரை இரண்டு பேரினங்களுக்குச் சூட்ட முடியாது. ஆனால் விலங்கு ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் பெயர் ஏற்கெனவே ஒரு செடிக்கு இருந்தால், விதி அதைத் தடுக்காது.

ஒரு தொகுப்புக்கு உள்ளே எவ்வளவு கறார் என்பதற்கு வாத்து போன்ற அலகுள்ள ஆஸ்திரேலிய விலங்கு பிளாட்டிபஸ் சாட்சி. 1799இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா அந்த விலங்குக்கு 'பிளாட்டிபஸ்' என்றே பேரினப் பெயர் வைத்தார். அந்தப் பெயரை 1793லேயே ஒரு வண்டு வாங்கிக்கொண்டுவிட்டது. வண்டுக்கே வெற்றி. ஷாவுக்கு அடுத்த ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ப்ளூமன்பாக் சூட்டிய 'ஆர்னித்தோரிங்கஸ்' நிலைத்தது. இப்போது அறிவியல் கட்டுரையில் பிளாட்டிபஸ் என்ற பேரினப் பெயரைப் பார்த்தால், வாத்து அலகை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த சறுக்கல், பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு இருக்கும் என்று கதை கட்டுவது. மோரஸ் செடிக்கு வந்தது மல்பெரிக்கு இருந்த பழைய லத்தீன் சொல். பறவைக்கு வந்ததோ 'முட்டாள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து. மனிதரைக் கண்டு பயப்படாமல் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அந்தப் பட்டம். எழுத்து மட்டும்தான் ஒன்று. சில இடங்களில் வேர்ச்சொல்லும் ஒன்றாக இருக்கும். ஆமணக்கு 'ரிசினஸ்'. பறவைகளின் மேல் வாழும் ஒருவகைப் பேனும் 'ரிசினஸ்'. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு உண்ணி என்று பொருள். மாட்டின் காதோரம் ரத்தம் குடித்துப் பருத்திருக்கும் உண்ணியைப் பார்த்தவர்கள், ஓர் ஆமணக்கு விதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் வந்த வழி புரிந்துவிடும். அப்படியும் செடிக்கும் பேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, பேரினத்தோடு சிற்றினப் பெயரையும் சேர்த்து எழுதினால் தப்பிக்கலாமா? பெரும்பாலும் தப்பிக்கலாம். 'மோரஸ் ஆல்பா' என்றால் செடி, 'மோரஸ் பசானஸ்' என்றால் பறவை. ஆனால் இதை முழுக் காப்பீடாக எடுத்துக்கொள்வதுதான் கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு. 'ஃபைகஸ் வேரியெகேட்டா' என்று ஓர் அத்தி மரம் இருக்கிறது. ஆல், அரசுக்கெல்லாம் பங்காளி, அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். அதே இரண்டு சொற்களில் ஒரு கடல் நத்தையும் இருக்கிறது. அதன் மெல்லிய ஓடு அத்திப்பழ வடிவில் இருப்பதால் அந்தப் பேரினத்துக்கு அப்படிப் பெயர். 'காசியா பிரின்செப்ஸ்' என்பது மேற்குக் கியூபாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் ஒரு பனை வகை. அதே பெயரில் ஆழ்கடலில் ஒளி உமிழும் ஒரு குட்டி ஓட்டுடலியும் உண்டு. இப்படி முழுப் பெயரும் ஒத்துப்போவது அரிது. அரிது என்பதால்தான் யாரும் சரிபார்ப்பதில்லை.

இங்கே கைகொடுப்பது, பலரும் 'வால்' என்று வெட்டி எறியும் ஆசிரியர் பெயர், அதாவது அந்த அறிவியல் பெயரை வெளியிட்டவரின் பெயர். ஃபைகஸ் வேரியெகேட்டா புளூமே என்றால் மரம். ஃபைகஸ் வேரியெகேட்டா ரோடிங், 1798 என்றால் நத்தை. விலங்குப் பெயரென்றால் பொதுவாக ஆண்டும் கூட வரும். அந்த வாலில் இருக்கும் அடைப்புக்குறியையும் அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். சிட்டுக்குருவிக்கு 'பேசர் டொமஸ்டிகஸ் (லின்னேயஸ், 1758)' என்று எழுதுவது, லின்னேயஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு மாற்றினார்கள் என்பதைச் சொல்கிறது. தாவரத்தில் மாற்றியவர் பெயரும் வெளியே நிற்கும். வில்வம், 'ஈகிள் மார்மெலோஸ் (லி.) கொரேயா'. 'லி.' என்பது லின்னேயஸ், மாற்றியவர் கொரேயா.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: இரண்டு அட்டவணைகளைப் பேரினப் பெயரை வைத்து இணைப்பது. 'பேசில்லஸ்' என்று இணைத்தால் பாக்டீரியாவின் வரிசையில் ஐரோப்பியக் குச்சிப்பூச்சி வந்து உட்காரும். அதற்கும் அதே பேரினப் பெயர்தான். மரபணுத் தரவுத்தளங்கள் ஒவ்வோர் உயிருக்கும் தனி எண் கொடுத்திருப்பது இதற்காகவும்தான் (மனிதனுக்கு 9606). எண்ணை வைத்து இணையுங்கள். அது முடியாவிட்டால் குடும்பம், தொகுதி என்று ஒரு பத்தியாவது கூடச் சேருங்கள்.

அப்புறம், தமிழில் எழுதுகிற நாமே உண்டாக்கும் இரட்டைகள். பி, ஃபி வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதினால் அத்தியின் ஃபைகஸ் பைகஸ் ஆகிவிடும். அது மரங்கொத்தியின் பேரினம். இதைவிட மோசம் தேரை. ஐரோப்பியத் தேரைக்குப் பெயர் 'பூஃபோ பூஃபோ'. யூரேசியக் கொம்பன் ஆந்தைக்கு 'பூபோ பூபோ'. ஆய்தத்தை விட்டுவிட்டால் தேரையும் ஆந்தையும் ஒன்று. இந்த இரட்டைக்கு எந்த விதித்தொகுப்பையும் குறைசொல்ல முடியாது, முழுக்க நம் கைவேலை. நம் ஊர்த் தேரையும் நெடுங்காலம் பூஃபோ பேரினத்தில்தான் இருந்தது, இப்போது டட்டாஃப்ரைனஸுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் பழைய குறிப்பு ஒன்றில் ஆய்தம் இல்லாத 'பூபோ' கண்ணில் பட்டால், பக்கத்தில் இறக்கையைப் பற்றிப் பேசுகிறார்களா, தலைப்பிரட்டையைப் பற்றியா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கோள் எடுக்கிறேன்.