இலையுதிர் காலத்தில் பாஸ் மீன் பிடிக்க: முதலில் ஷாட் கூட்டத்தைத் தேடுங்கள்

டெக்சாஸில் அக்டோபர் பிறந்ததும் ஏரித் தண்ணீரின் சூடு இறங்கத் தொடங்கும். லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீன் குளிருக்கு முன் வயிறு புடைக்கத் தின்னும் காலம் இது. புதியவர்களோ பாஸ் எங்கே என்று தேடியே பொழுதைப் போக்குகிறார்கள். தேட வேண்டியது அதன் இரையை. ஷாட் என்ற வெள்ளி நிறச் சிறு மீன்கள் இந்தக் காலத்தில் ஆழத்தை விட்டு, ஏரிக்குள் வந்து விழும் ஓடைகளின் கடைக்கோடி வரை கூட்டமாக ஏறும். அவற்றின் பின்னாலேயே பாஸும் வரும்.

1. உரிமமும் இடமும்

டெக்சாஸில் 17 வயது நிறைந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். ஆனால் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று பிடிக்க உரிமம் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். டாலஸ் பக்கம் இருப்பவர்கள் ஜோ பூல் ஏரிக்கரையில் உள்ள சீடர் ஹில் மாநிலப் பூங்காவில் தொடங்கலாம். புகழ்பெற்ற லேக் ஃபோர்க் ஏரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைக் கட்டாயம் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று தனி விதியே உண்டு. ஏரிக்கு ஏரி விதி மாறும், போகுமுன் படித்துவிடுங்கள்.

2. கருவிகள்

7 அடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) தூண்டில் கோல், நரம்பைச் சுற்றிவைக்கும் ஸ்பின்னிங் ரீல், 12 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நைலான் நரம்பு. செயற்கை இரைகளில் இரண்டே போதும்: வெள்ளை நிற ஸ்பின்னர்பெய்ட் ஒன்று, ரப்பர் புழுக்கள் ஒரு பாக்கெட். கடையில் சுவர் முழுக்கத் தொங்கும் மற்றவையெல்லாம் பெரும்பாலும் மனிதர்களைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை.

ஸ்பின்னர்பெய்ட் என்பது வளைந்த கம்பி. ஒரு முனையில் சுழலும் தகடு, மறுமுனையில் குஞ்சம் மூடிய தூண்டில் முள். தகடு சுழலும்போது எழும் மின்னலும் அதிர்வும் ஓடும் ஷாட்டைப் போலத் தோன்றும். கம்பி முன்னால் போவதால் முள் செடிகளில் அவ்வளவாக மாட்டாது. கரையிலிருந்து வீசுபவருக்கு அது பெரிய நிம்மதி.

3. முடிச்சு

பாலோமர் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். நரம்பின் நுனியை இரட்டையாக மடித்து, மடிப்பை இரையில் நரம்பு கட்டும் துளைக்குள் நுழைத்துவிடுங்கள். அந்த இரட்டை நரம்பால் சாதாரண முடிச்சு ஒன்று தளர்வாகப் போடுங்கள். மடிப்பு வளையத்துக்குள் இரை முழுவதையும் நுழைத்து எடுத்து, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நைலான் பலமிழந்துவிடும்.

4. தண்ணீரைப் படிப்பது

வந்தவுடன் வீசாதீர்கள், சற்று நேரம் நின்று பாருங்கள். காற்று இல்லாத இடத்தில் நீர்ப்பரப்பு தூறல் விழுவது போலச் சிதறினால் அடியில் ஷாட் கூட்டம் இருக்கிறது. நாரைகள் ஒரே கரையில் வரிசையாக நின்றாலும் அதே செய்திதான். இரண்டும் தென்படாவிட்டால், காற்று மோதும் கரைக்குப் போங்கள். மிதவை உயிரிகள் அங்கே ஒதுங்கும், அவற்றைத் தின்ன ஷாட் வரும். கரையோரப் புல்லில் கால் வைக்குமுன் பார்த்து வையுங்கள். அக்டோபரிலும் பாம்புகள் வெயில் காயும்.

தண்ணீரின் வெப்பம் 60 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் வாரங்களே சிறந்தவை. கோடையைப் போல விடியலுக்கு ஓட வேண்டாம், நடுப்பகலிலும் கடிக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. கோடை முழுவதும் மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் குளிர்ந்தும் அடுக்காக இருந்த தண்ணீர், மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்போது ஒன்றாகக் கலங்கிவிடும். அடியிலிருந்த ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வர, சில நாட்களுக்கு மீன் மந்தமாகிவிடும். தண்ணீர் மங்கலாகி அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இதுதான் காரணம். அங்கே மல்லுக்கட்டாமல் ஆழம் குறைந்த ஓடைப் பகுதிக்கு நகருங்கள். அந்த ஆழத்தில் அடுக்குகள் இல்லாததால் கலங்கவும் எதுவும் இல்லை.

5. வீச்சும் இழுப்பும்

பட்டமரம், புல்திட்டின் ஓரம், படகுத்துறைத் தூண் என ஏதாவது ஒன்றைத் தாண்டி ஸ்பின்னர்பெய்ட்டை வீசி, அதை உரசிக்கொண்டு வரும்படி இழுங்கள். தகட்டின் அதிர்வு கோலில் தெரியும் வேகம் போதும். கட்டையில் இடிக்கும் கணத்தில் சற்று நிறுத்தித் தொடருங்கள். பல கடிகள் அப்போதுதான் விழும். அதிர்வு சட்டென நின்றால் கோலைப் பக்கவாட்டில் வலுவாக இழுங்கள்.

குளிர்காற்று வீசி ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் நாளில் மீன் துரத்தாது. அப்போது ரப்பர் புழு. தோட்டா வடிவ ஈயத்தை நரம்பில் கோத்து, முள்ளின் நுனியைப் புழுவுக்குள்ளேயே மறைத்து, செடிக்குப் பக்கத்தில் அடிமட்டத்தில் நகர்த்துங்கள். எவ்வளவு மெதுவாகத் தோன்றுகிறதோ, அதைவிட மெதுவாக.

6. மீனைக் கையாளுதல்

பாஸ் துள்ளும்போது கோலைத் தாழ்த்தி, நரம்பைத் தளரவிடாமல் வைத்திருங்கள். கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றுங்கள். பற்கள் சொரசொரப்பானவை, வெட்டாது. பெரிய மீன் என்றால் மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். தாடையை மட்டும் பற்றிக் கிடைமட்டமாகத் தூக்கினால் எலும்பு பெயரலாம்.

மீனைத் தண்ணீரில் விட்டதும் அலைபேசியில் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். இந்தக் காலத்தில் பாஸ் பெரும்பாலும் கூட்டமாகவே வேட்டையாடும், ஷாட் கூட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதே இடத்தில் உடனே மறுபடி வீசுங்கள்.