யூத சமயத்தை அறியத் தொடங்குவது எப்படி?

யூத சமயத்தை அறிய விரும்புபவர், ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிட, சப்பாத் என்னும் ஓய்வுநாளிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவதில் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும்வரை நீளும் அந்நாளில், மிஷ்னா என்னும் பண்டைய யூதச் சட்டத் தொகுப்பு வகுத்த 39 வகை வேலைகள் விலக்கப்படுகின்றன. தீ மூட்டுவதும் எழுதுவதும் அவற்றுள் அடங்கும். அடுத்து, யூதரின் புனித நூலான தோராவில் உலகப் படைப்பையும் எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையையும் கூறும் பகுதிகளைப் படியுங்கள். ஓய்வுநாளுக்குத் தோரா கூறும் காரணங்கள் இவ்விரண்டுமே. பிறகு, கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின், பலிகளின் இடத்தைத் தொழுகையும் கல்வியும் எவ்வாறு பெற்றன என்பதை நிதானமாகப் பயிலுங்கள். ஜெபக்கூடத்துக்குச் செல்வதாயின் முன்னரே அனுமதி கேளுங்கள். ஓய்வுநாளில் அங்கே படம் எடுப்பதையும் குறிப்பெழுதுவதையும் தவிர்க்க வேண்டும்.