தலைவலி மாத்திரை போடும் முன் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஒற்றைத் தலைவலியோடு மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்பவருக்கு எதையும் படித்துப் பார்க்கிற பொறுமை இருக்காது. "அண்ணே, தலைவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்போம், அவரும் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டை வெட்டிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெயரில் பாதி இருக்கும், உள்ளே என்ன மருந்து என்று போட்டிருந்த வரி கடையிலேயே தங்கியிருக்கும். அதனால் முதல் வேலை, முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் வெட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஒருநாள் நான் காலையில் டோலோ 650, மதியம் காம்பிஃப்ளாம், சாயங்காலம் சாரிடான் என்று போட்டுக்கொண்டு, மூன்றும் வேறு வேறு மருந்து என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது: 650, 325, 250 மில்லிகிராம். கூட்டினால் 1225, அது ஒன்றும் ஆபத்தான அளவில்லை, ஆனால் வலி போகவில்லையே என்று அதே வரிசையை மூன்று சுற்று போயிருந்தால் 3675. நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4000தான் உச்சம், மது குடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அளவு மீறினால் கல்லீரல் உடனே சத்தம் போடாது, முதல் நாள் லேசான குமட்டலோடு போய்விடும், அதுதான் பயம்.

ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், ஆஸ்பிரின் வகை வேறு. இவை வயிற்றைப் புண்ணாக்கும், அதனால் வெறும் வயிற்றில் வேண்டாம். வாந்தி வருகிற நேரத்தில் சாப்பாடா என்பீர்கள், சரி, இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் மோருமாவது உள்ளே போகட்டும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், ஆஸ்பிரின் போட்டால் இளைப்பு வருகிற ஆஸ்துமாக்காரர்களும், கர்ப்பிணிகளும் தாங்களாக இந்த வகையைத் தொடக் கூடாது. பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். தலைவலியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான்.

அப்புறம் வாசோகிரெயின். நம் ஊரில் பலர் இதைச் சீட்டே இல்லாமல் பெயர் சொல்லி வாங்குகிறார்கள், ஆனால் இது டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து. இதிலுள்ள எர்காட்டமைன் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தலைக்குள் மட்டும் சுருக்கு, மற்ற இடத்தை விடு என்று அதற்குச் சொல்ல முடியாது. இதய நோய், கட்டுக்குள் வராத பி.பி., கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் எதிலும் கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கை கால் விரல்களுக்கு இரத்தம் போவதே தடைபடலாம். விரல் மரத்து, சில்லிட்டு, வெளுத்துப் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாத்திரையை எப்போது போடுவது என்பதிலும் தப்பு செய்கிறோம். தாங்கிப் பார்ப்போம் என்று இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துவிட்டுப் போட்டால் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் ஒற்றைத் தலைவலி முற்றும்போது வயிறே மந்தமாகி மாத்திரை மெதுவாகத்தான் இறங்கும். வலி ஆரம்பிக்கும்போதே சரியான அளவில் ஒன்று, அது கேட்காவிட்டால் அட்டையில் சொன்ன இடைவெளிக்குப் பிறகுதான் அடுத்தது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது எண்ணிக்கைக்கு. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சாரிடான், வாசோகிரெயின் போன்ற கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டுக்கொண்டே போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலையில் எழுந்ததும் வலி, மாத்திரை, கொஞ்சம் நிம்மதி, மறுபடி வலி. வியாதி முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொன்று போடுவோம். சமையலறையில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற மாதக் காலண்டரிலேயே மாத்திரை போட்ட நாளில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். வாரத்துக்கு இரண்டைத் தாண்டினால் அந்தக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வலி வராமலே தடுக்கிற மருந்து தனியாக இருக்கிறது. அடிக்கடி போட்டதை நிறுத்தும்போது முதல் சில நாள் வலி இன்னும் கூடும், அதற்கும் அவர் துணை வேண்டும்.

இடி விழுந்த மாதிரி திடீரென்று வந்த கடும் வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி, இதில் எது இருந்தாலும் மாத்திரை தேடி நேரத்தைப் போக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.