நாணயக் கண்காட்சியில் வெள்ளி ரூபாய் வாங்கும் முறை: தராசு முதல் பேரம் வரை

சென்னை, கோவை, திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகள் பெரும்பாலும் ஏதாவதொரு கல்யாண மண்டபத்திலோ அரங்கிலோ வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை இருக்கும். சேகரிப்பாளர்கள் காசுகளைப் பார்வைக்கு வைத்த சட்டகங்கள் சுவரோரமாக நிற்கும். நடுவில் மேசை போட்டு வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்களோடு மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு வியாபாரிகளும் வருவார்கள். புதிதாக வருபவர் அங்கே அதிகம் வாங்குவது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயைத்தான். பணத்தை அதிகம் இழப்பதும் அதில்தான். அதனால் அந்த ஒரு காசை வைத்தே முழு வழிமுறையையும் சொல்கிறோம். மற்ற காசுகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

பேரத்தில் பாதி, வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். எந்த ஆண்டு, எந்த அக்கசாலை (காசு அச்சிட்ட ஆலை), எந்த நிலை, அதிகபட்சம் எவ்வளவு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விலை தெரிந்துகொள்ள இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். அது விற்பவரின் ஆசை. ஏலங்களில் உண்மையாகவே கைமாறிய விலைதான் கணக்கு. அதிலும் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் கொடுக்கும் கமிஷன் தனியாகச் சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெள்ளிக் கணக்கு

1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பெருக்கினால் 10.69 கிராம் சுத்த வெள்ளி வருகிறது. 1940 முதல் 1945 வரை எடை அதேதான், வெள்ளி பாதிதான். எனவே 5.83 கிராம். 1969இல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் 15 கிராம் எடையில் 80 சதவீத வெள்ளி, அதாவது 12 கிராம்.

புறப்படும் நாள் காலையில் வெள்ளி விலையைப் பார்த்து இந்த மூன்று எண்களால் பெருக்கி எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்காக ஒரு கிராம் 100 ரூபாய் என்று வைத்தால், பழைய ரூபாய் 1,069, போர்க்கால ரூபாய் 583, காந்தி பத்து ரூபாய் 1,200. எந்த வியாபாரியும் இதற்குக் கீழே இறங்கமாட்டார், உருக்குபவரிடமே அவருக்கு அந்த விலை கிடைக்கும். இந்த அடிவிலைக்கும் அவர் கேட்கும் விலைக்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் பேசக்கூடிய இடம். அடிவிலை தெரியாமல் 1918 ரூபாயை 900க்குக் கேட்டால், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த மேசையில் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு அடியில் வைத்திருக்கும் நல்ல சரக்கை எடுத்துக் காட்டமாட்டார்கள்.

1947 ரூபாயை வெள்ளி என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புலி நடந்து போகும் அந்தக் காசு நிக்கல். 1950இல் வந்த குடியரசின் முதல் ரூபாயும் நிக்கல்தான். காந்தத்தைக் காட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வெள்ளி ஒட்டாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் கையடக்கத் தராசு, அதைச் சரிபார்க்க ஓர் எடைக்கல், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறு காந்தம், காசைக் கீறாமல் விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் வெர்னியர், சிறு எல்இடி விளக்கு. மண்டபத்து வெளிச்சம் மேலிருந்து பரவலாக விழுவதால் கீறல்களை மறைத்துவிடும். விளக்கு அதற்குத்தான். பணத்தை 500, 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபே எல்லா இடத்திலும் ஓடும், ஆனால் பேரம் படியும் நேரத்தில் கையில் எண்ணிக் காட்டும் பணத்துக்குத் தனி மரியாதை உண்டு.

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். எல்லா மேசைகளையும் ஒருமுறை பார்த்து, உங்கள் பட்டியலில் உள்ள காசு எங்கே, என்ன நிலையில், என்ன விலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே 1917 ரூபாய்க்கு மூன்று மேசையில் மூன்று விலை இருக்கும். இதற்கு விலக்கு ஒன்றே ஒன்றுதான்: அரிதான ஆண்டு, நல்ல நிலை, நியாயமான விலை மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது அது இருக்காது. நல்ல காசுகள் பலவும் வெள்ளிக்கிழமை கதவு திறப்பதற்குள் வியாபாரிகளுக்குள்ளேயே கைமாறிவிடுகின்றன.

காசைக் கையில் எடுத்ததும்

விளிம்பைப் பிடித்து, மேசைக்கு மேலேயே வைத்துப் பாருங்கள். விழுந்தால் துணியில் விழ வேண்டும், தரையில் அல்ல. ஒரு காசைத் திரும்ப வைத்த பிறகே அடுத்ததை எடுங்கள். இரண்டு மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து மேசைக்காரரோடு பேசினால் எந்த வியாபாரிக்கும் பதற்றம் வரும். சத்தம் கேட்க மேசையில் தட்டிப் பார்க்கவே கூடாது. விளிம்பு நசுங்கிவிடும், தட்டியவர்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். எடை போடவும் படம் எடுக்கவும் முதலில் கேளுங்கள். எடை போட அனுமதிக்காத மேசையை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

எடை 11.66க்கு மிக அருகில் இருக்க வேண்டும். நன்றாகத் தேய்ந்த காசு 11.4 வரை இறங்கலாம். எழுத்துகள் கூர்மையாக இருந்தும் எடை 11க்குக் கீழே போனால் தேய்மானம் காரணமில்லை, காசே போலி. எடை சரியாக இருந்து விட்டம் 30.5 மில்லிமீட்டரிலிருந்து வெகுவாக விலகினாலும், அல்லது தடிமன் அதிகமாக இருந்தாலும் உலோகம் வேறு. வார்ப்புப் போலியில் பரப்பெங்கும் நுண்ணிய குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், விளிம்பில் இரண்டு அச்சும் சேர்ந்த கோட்டை அரத்தால் ராவிய தடம் இருக்கும். விளிம்பின் வரிகளை முழுச் சுற்றும் பாருங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சோதனை கட்டாயம். வெள்ளி ரூபாயைக் காசுமாலையாகவும் பதக்கமாகவும் கோத்துப் போட்ட வழக்கம் இருந்ததால், வளையம் பற்றவைத்துப் பிறகு எடுத்த காசுகள் ஏராளம். அரசரின் தலைக்கு மேலே, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் விளிம்பு வரிகள் மழுங்கியிருக்கிறதா, அங்கே மட்டும் நிறம் மாறியிருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். துளையை அடைத்த காசில் அந்த இடத்து எழுத்தோ முத்து வரிசையோ தடுமாறும். இப்படிப்பட்டதற்கு வெள்ளி விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள். மிக அரிதான ஆண்டு மட்டும் விதிவிலக்கு.

அடுத்தது தேய்த்த காசு. செம்பைப் புளி போட்டும் வெள்ளியை விபூதி போட்டும் பளபளக்க வைத்திருப்பார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, காசை மெல்ல வட்டமாக ஆட்டுங்கள். புதுக்காசின் இயல்பான ஒளி, நடுவிலிருந்து கதிர்போலச் சுழன்று வரும். தேய்த்த காசில் ஒளி சுழலாது, ஒரே திசையில் மெல்லிய மயிர்க்கீறல்கள் தெரியும். அட்டையில் ‘யூஎன்சி’ (புழங்காத காசு) என்று எழுதியிருந்தாலும் அரசரின் கன்னம், மீசை, கிரீடத்தின் மேல்முனை ஆகிய உயர்ந்த இடங்கள் மழுங்கியிருந்தால் அது புழங்கிய காசுதான். நிலையை நீங்களே முடிவு செய்யுங்கள், அட்டை எழுத்து பேரத்தின் முதல் வாக்கியம் மட்டுமே.

ஆண்டுகளைப் பற்றி மூன்று விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில், அரசரின் அங்கியில் உள்ள யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, 1912இல் உருவம் திருத்தப்பட்டது. அதனால் 1911க்கு விலை கூடுதல். அதே அரசரின் 1921, 1922 பம்பாய் ரூபாய்கள் எளிதில் கிடைக்காதவை. தாமரைக்குக் கீழே உள்ள சிறு புள்ளி பம்பாயைக் குறிக்கும், புள்ளி இல்லாதது கல்கத்தா. மூன்றாவது, ஆறாம் ஜார்ஜின் 1939. மிக அரிது என்பதால் 1938இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கிய போலிகள் சுற்றுகின்றன. கடைசி 9ஐ அதே தேதியின் முதல் 9ஓடு லென்ஸில் ஒப்பிடுங்கள். வளைவு ஒத்துப்போகாவிட்டாலும், எண்ணைச் சுற்றியுள்ள தளம் சற்றுக் குழிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். 1939ஐ முதல் கண்காட்சியில் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ராமர் பட்டாபிஷேகம், அனுமன் உருவங்களோடு கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டும் போட்ட ‘அணா’க் காசுகளுக்கு நாணய மதிப்பு எதுவும் கிடையாது. கம்பெனி அப்படி அணா அடித்ததே இல்லை. கம்பெனி தெய்வ உருவம் போட்டது உண்மைதான். ஆனால் அது சென்னையின் மூன்று சாமி வராகன், கோபுரமும் பெருமாளும் உள்ள அரை, கால் வராகன் போன்றவற்றில். அதிசய சக்தியால் அரிசியை இழுக்கும் காசு என்று யாராவது பேச்செடுத்தால், அது மோசடி, அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

விலை பேசுதல்

காலையில் மேசை விரித்ததும் போணி நேரம். முதல் வியாபாரத்தை விடாமல் முடிக்கவே வியாபாரி விரும்புவார், எனவே நியாயமாகக் கேட்டால் இறங்கி வருவார். ஆனால் விலை கேட்டு, எடை போட்டு, பேரமும் பேசிவிட்டு வாங்காமல் போவதை அந்த நேரத்தில் பலர் விரும்பமாட்டார்கள். வாங்கும் எண்ணம் உறுதியானால் மட்டும் போணிக்குப் பேச்சைத் தொடங்குங்கள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மேல் விலை இன்னும் இளகும். வெளியூர்க்காரர் மேசை வாடகையும் ரயில் செலவும் தேறினால் போதும் என்ற மனநிலையில் இருப்பார். சாதாரண ஆண்டுக் காசுகளை அப்போது வாங்குங்கள்.

வேறொருவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் காசுக்கு விலை சொல்லாதீர்கள். அவர் திரும்ப வைத்த பிறகு பேசலாம். வியாபாரியிடம் மற்ற வாடிக்கையாளர் நிற்கும்போது குறைத்துக் கேட்டால் அவரால் இறங்க முடியாது. அடுத்தவரும் அதே விலை கேட்பாரே. கூட்டம் கலையும்வரை பொறுங்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். “இதெல்லாம் ஐந்நூறுதான் பெறும்” என்று காசை மட்டம் தட்டுவது வேலைக்கு ஆகாது. மேலே சொன்ன வெள்ளி விலையையே வைத்துக்கொண்டு, அவர் 1,600 சொல்கிறார் என்றால் இப்படிப் பேசலாம்: “சார், காசு நல்லா இருக்கு. பின்பக்கம் இந்தக் கீறல் மட்டும்தான் யோசிக்க வைக்குது. 1,400ன்னா இப்பவே எடுத்துக்கறேன்.” குறையைக் காட்டியாயிற்று, எண்ணைச் சொல்லியாயிற்று, உடனே வாங்குவதாகவும் சொல்லியாயிற்று. இதற்கு மேல் பேசாதீர்கள். “கட்டுப்படியாகாது தம்பி, 1,500 கொடுங்க” என்று பதில் வரும். அது உங்கள் தாளில் எழுதிய எல்லைக்குள் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லி நகருங்கள். ஒருமுறை விலை சொல்லி அவர் ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்குவது மட்டும் கூடவே கூடாது. இந்த வட்டம் சிறியது, அடுத்த ஊர்க் கண்காட்சியிலும் அதே முகங்கள்தான்.

மூன்று நான்கு காசாகச் சேர்த்துக் கேட்டால் கழிவு நன்றாகக் கிடைக்கும். முதலில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள், பிறகே “மொத்தமா எடுத்தா என்ன போடுவீங்க?” என்று கேளுங்கள். தனி விலை தெரியாமல் மொத்த விலைக்குப் போனால் எதில் குறைத்தார், எதில் ஏற்றினார் என்பது தெரியாது. நல்ல நிலையில் 1922 பம்பாய் கிடைத்து, விலையும் சந்தை நிலவரத்தோடு ஒத்துப்போனால் ஐம்பது ரூபாய்க்காக இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். நியாயமான விலை கொடுத்து வாங்குபவருக்கே அடுத்த நல்ல காசைப் பற்றி முதல் போன் வரும்.

உங்களிடம் இரட்டையாக இருப்பதைக் கொடுப்பதானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்த நேரம் ஏற்றது. ஆண்டும் அக்கசாலையும் எழுதிய அட்டையில் போட்டுக் கொண்டு போங்கள். வியாபாரி எடுக்கும் விலை விற்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் இருக்கும். பணமாகக் கேட்பதைவிட அவர் மேசையிலிருந்தே வேறு காசுக்கு மாற்றிக்கொண்டால் கூடுதலாகக் கணக்கு வைப்பார்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “போலின்னு தெரிஞ்சா திரும்ப எடுத்துப்பீங்களா?” ஒப்புக்கொண்டால் அதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ரசீதில் வெறுமனே ‘காசு 1’ என்று இல்லாமல் அரசர், ஆண்டு, அக்கசாலை, எடை இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்பவும் கூடாது. யாராவது “வயல்ல கிடைச்சது, புதையல்” என்று பானையோடு காட்டினால் தொடாதீர்கள். மண்ணுக்கடியில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

வீட்டுக்கு வந்ததும் காசைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். கண்காட்சியில் மலிவாக விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பங்கள் பெரும்பாலும் பிவிசி. ஓரிரு மழைக்காலத்தில் காசின் மேல் பச்சைப் பிசுக்கு படியும், அது உலோகத்தையே அரிக்கும். மைலார் (பிவிசி இல்லாத, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டிய அட்டையிலோ கடினமான கேப்ஸ்யூலிலோ போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஏற்கெனவே பிசுக்கு படிந்த காசை வாங்கியிருந்தால், சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி இதைச் செய்ய வேண்டும்.