திட்டத்துக்கென அமைவுக் கோப்புறை: கட்டளைவரிக் கருவி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயனரின் ஹோம் கோப்புறையில் உள்ள பொது அமைவுகளோடு (settings) ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அமைவுக் கோப்புறையைச் சேர்க்க முனையும் புதியவர்கள், முன்பு நாங்கள் செய்த அதே பிழைகளைத்தான் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, விடுபட்ட அடைப்புக்குறி போன்றவற்றைக் கருவியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

கண்ணில் பட்ட கோப்புறையை எல்லாம் நம்புதல்

அண்மையில் ஒருவர் தம் கருவியைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி மாதிரித் திட்டத்துடன் அனுப்பியிருந்தார். பதிப்பெண்ணைக் காட்டும் கட்டளையை மட்டுமே இட்டேன். அதற்குள் அமைவுக் கோப்பில் எழுதப்பட்டிருந்த தொடக்கக் கட்டளை ஓடி முடிந்திருந்தது. கேட்டதற்கு, "அது நான் எழுதியதுதானே" என்றார். இந்தப் பதில்தான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. யாரோ எழுதிய நிரல் களஞ்சியத்தை (திட்டத்தின் கோப்புத் தொகுப்பை) இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் கருவியை இயக்குபவரை அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை.

கருவி மேல்நோக்கித் தாய்க் கோப்புறைகளிலும் தேடுமானால் ஆபத்து இன்னும் பெரிது. பலர் பயன்படுத்தும் கணினியில், மேலடுக்கில் வேறொருவர் வைத்த கோப்புறை உங்கள் கட்டளையை ஆளத் தொடங்கிவிடும். நிரலின் பதிப்புகளைப் பேணும் கருவியான கிட் (Git) இதே சிக்கலில் மாட்டியது. 2022 ஏப்ரலில் வெளியான 2.35.2 பதிப்பிலிருந்து, களஞ்சியத்தின் உரிமையாளர் வேறொருவர் என்றால், பயனர் அதை நம்பகமானதென முன்பே பதிந்திராவிட்டால் கிட் மறுத்துவிடுகிறது. அந்தப் பதிவைக் களஞ்சியத்தின் சொந்த அமைவுக் கோப்பில் எழுதினால் செல்லாது. தனக்குத் தானே நற்சான்று வழங்கிக்கொள்ள எந்தத் திட்டத்தையும் விடக்கூடாது அல்லவா? கோப்புறைக்கு ஏற்பச் சூழல் மாறிகளை (நிரல்களுக்கு வெளியிலிருந்து தரப்படும் மதிப்புகளை) ஏற்றும் டைரென்வ் (direnv) இன்னும் கண்டிப்பானது: பயனர் வெளிப்படையாக அனுமதித்த பின்னரே கோப்பை இயக்கும், உள்ளடக்கம் மாறினால் மறுபடியும் அனுமதி கேட்கும்.

நிறம், வெளியீட்டு வடிவம் போன்ற அமைவுகளை அனுமதியின்றி ஏற்கலாம். கட்டளையை இயக்குபவை, நிரலைச் சுட்டுபவை, தரவை அனுப்பும் முகவரியை மாற்றுபவை ஆகியவற்றுக்குக் கட்டாயம் அனுமதி வேண்டும்.

கடவுச்சொற்கள்

திட்டத்தின் அமைவுக் கோப்புறையில் அவற்றை வைக்க இடமே தராதீர்கள்.

சார்புப் பாதைகள்

முழுப் பாதையாக இல்லாமல் எழுதப்பட்ட கோப்புப் பாதைகளை, அமைவுக் கோப்பு இருக்கும் இடத்தை வைத்தே கணக்கிடுங்கள். பயனர் அப்போது நிற்கும் கோப்புறையை வைத்து அல்ல.

எது எதை வெல்லும் என்று சொல்லாமை

கட்டளைவரி, சூழல் மாறி, திட்டம், பயனர் என்ற வரிசை (முன்னது பின்னதை வெல்லும்) தனி மதிப்புகளுக்குப் போதும். பட்டியல்களைச் சேர்ப்பதா, மாற்றி எழுதுவதா என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். ரஸ்ட் நிரல்மொழியின் கருவியான கார்கோ (Cargo) பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்கிறது. எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் கட்டளையையும் முதல் வெளியீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.